நிலவிலே நாம் காணும் உருவம்

பௌர்ணமி இரவில் கிள்ளான் ஆற்றோரம் நின்று, "நிலவில் என்ன தெரிகிறது?" என்று பலரையும் கேட்டுப் பாருங்கள். பாட்டி வடை சுடுகிறாள் என்போம் நாம். முயல் என்போரும் நம்மிடையே உண்டு. சந்திரனுக்குச் சசாங்கன் என்ற பெயர் அம்முயலால் வந்ததே. சீனர் காணும் முயலோ உரலில் மருந்து இடிக்கிறது. மலாய்க்காரரின் பழங்கதையைச் சிலாங்கூரில் அரசுப் பணியாற்றிய ஸ்கீட் என்பவர் 1900 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். அதில் தலைகீழான ஆலமரம். அதனடியில் ஒரு கூன்கிழவர். உலகிலுள்ள யாவற்றையும் பிடிக்கத் தூண்டிற்கயிறு திரிக்கிறார். எலி ஒன்று கயிற்றைக் கடித்து விடுவதால் உலகம் பிழைத்திருக்கிறது!

கறை ஒன்றே. பெரும் விண்கற்கள் மோதிய பள்ளங்களில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த கரும்பாறைச் சமவெளிகளே அவை. பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பண்டைய வானியலார் அவற்றுக்குக் 'கடல்' என்று பெயரிட்டனர். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 அமைதிக்கடலில் இறங்கிக் கொணர்ந்தவை பாறையும் மண்ணுமே. சந்திரன் நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் கறையும் மாறுவதில்லை. அதற்கு உருவம் கொடுப்பது, நாம் கேட்டு வளர்ந்த கதை.

ஆயினும் நேரமும் உருவத்தை மாற்றும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளியில் சேர்ந்த புதிதில், நிலவை வரைந்துவரச் சொன்னேன். ஒரு சிறுவனின் படம் தலைகீழாக இருந்தது. "பார்க்காமல் வரைந்தாய்" என்று கடிந்தேன். அவன் வாய் திறக்கவில்லை. பின்னொரு நாள் விடியுமுன் பெரட்டுக் களத்தருகே நடந்தபோது மேற்கே சாய்ந்த நிலவைக் கண்டேன். அவன் வரைந்தபடியே இருந்தது!

காரணம் எளிது. முழுநிலவு மாலையில் கிழக்கே எழும். அப்போது அதன் வடபுறம் நமக்கு இடக்கைப் பக்கம். விடியலில் மேற்கே நோக்கி நிற்போம். வடபுறம் வலக்கைப் பக்கமாகிறது. நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் உருவம் ஏறக்குறைய முற்றும் தலைகீழாகும். இலண்டனிலோ கால்வட்டம்கூடத் திரும்பாது.

பால்வெட்டுக்குச் செல்லும் தாயுடன் அச்சிறுவன் விழித்தெழும் நேரம் விடியற்காலை. நான் பார்த்ததோ மாலை நிலவு. பிள்ளையின் படத்தில் பிழை காணுமுன், "எந்த நேரத்தில் பார்த்தாய்?" என்று கேட்பது ஆசிரியர் கடமை. நான் அன்று கேட்கவில்லை.