நொடித்த குடும்பக் கணக்கை நிமிர்த்துவது எப்படி?

கோவை மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூர்ப் பகுதியில் பண்ணையமும் விசைத்தறியும் ஒரே வீட்டில் சேர்ந்து நடக்கின்றன. இரண்டு ஏக்கர் தோட்டமோ மானாவாரிக் காடோ வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருவர் தறி வேலைக்குப் போகிறார். வீட்டில் ஒரு கறவை மாடும் நாலைந்து ஆடுகளும் இருக்கும். மழை பொய்த்தால் தறிக் கூலி கைகொடுக்கும். தறி நின்றால் பால் பணம் அடுப்பெரிக்கும். இரண்டும் ஒருசேரக் கைவிடும்போது குடும்பம் நொடித்துப் போகிறது.

அண்மை ஆண்டுகளில் இத்தகைய அடிகள் பல விழுந்தன. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2020இல் ஊரடங்கினால் தறிகள் நின்றன. கூலி உயர்வு கேட்டுக் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் 2022 ஜனவரியிலும் 2025 மார்ச்சிலும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்திற்குக் குறையாமல் தறிச் சத்தம் கேட்கவில்லை.

அடி விழுவது ஒரு மாதம். அதனால் கோணிப்போன குடும்பக் கணக்கு நேராவதற்கோ மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கை இறுகும் வேளையில் எந்தச் செலவை முதலில் வெட்டுகிறோம் என்பதில்தான் இதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் முதலில் நிற்பது பிள்ளைகளின் முட்டை, வீட்டுக்கு நிறுத்தும் பால், பெரியவர்களின் இரத்த அழுத்த மாத்திரை. வட்டி, மொய், டீக்கடைச் செலவு ஆகியவை நிற்பதில்லை. வட்டிக்காரர் வாசலுக்கு வந்து கேட்பார். உறவினர் விசேஷத்தில் கேட்பார். உடம்பு மட்டும் உடனே கேட்பதில்லை. அது கேட்கும்போது ஆஸ்பத்திரிச் செலவாக வந்து, புதுக்கடனாக நிற்கும். ஆகவே இந்த வரிசையை மாற்றுவதே சிறு விவசாயி செய்ய வேண்டிய முதல் திருத்தம்.

முதலில் கடன் பட்டியல்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, வீட்டின் கடன் முழுவதையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். யாரிடம், எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி என்று நான்கு கட்டங்கள். அவர் வாங்கிய கைமாற்று இவருக்குத் தெரியாமலும், இவர் குழுவில் வாங்கிய கடன் அவருக்குத் தெரியாமலும் இருக்கும் வீட்டில் எந்தத் திட்டமும் நிற்காது.

வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதம் என்று மாற்றி எழுதுவது மிக அவசியம். "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்; அதாவது ஆண்டுக்கு 36 சதம். சொல்லும்போது சிறிதாகத் தெரியும் இந்த மூன்றுதான் பல தோட்டங்களைக் கைமாற வைத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழகத்தில் வட்டியே இல்லை. வங்கியில் விவசாயக் கடன் அட்டை மூலம் வாங்கும் பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதம். தவணை தவறாதவருக்கு அதில் 3 சதம் தள்ளுபடி.

வறட்சி போன்ற இயற்கைச் சேதத்தில் பயிரில் 33 சதத்திற்குக் குறையாமல் அழிந்ததாக அரசு அறிவித்தால், பயிர்க்கடனின் தவணையை மாற்றி அமைத்துக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. தவணை தப்பிய பிறகு போவதைவிட, தப்பும் முன்பே மனுவுடன் மேலாளரைப் பார்ப்பது நல்லது. மீட்டர் வட்டி, கந்து வட்டி கேட்டு மிரட்டுவோர்மீது புகார் செய்ய 2003ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

உதாரணத்திற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாடு நாளொன்றுக்கு 7 லிட்டர் கறக்கிறது. லிட்டர் 35 ரூபாய் என்றால் மாதம் 7,350 ரூபாய். தீவனம் 2,700 போக நிற்பது 4,650. தறிக் கூலி வாரம் 3,500 வீதம் மாதம் 14,000. மொத்த வரவு 18,650 ரூபாய்.

செலவு: மளிகை 4,000, காய்கறி, முட்டை 1,500, பள்ளிச் செலவு 2,000, மருந்து 600, எரிவாயு, செல்போன் 1,200, பஸ், பெட்ரோல் 800, மொய், விசேஷம் 1,500, டீக்கடை, பேக்கரி, மது 3,000, கைக்கடன் 50,000 ரூபாய்க்கு மூணு வட்டி 1,500, குழுக்கடன் தவணை 2,400. மொத்தம் 18,500. மிச்சம் 150 ரூபாய்தான்.

ஒரு மாதம் தறி நின்றால் வரவு 4,650 மட்டுமே. வட்டிக்கும் தவணைக்கும் 3,900 போனால் வீட்டுக்கு மிஞ்சுவது 750 ரூபாய். பருப்பும் முட்டையும் நிற்பது இந்த இடத்தில்தான்.

இதே குடும்பம் டீக்கடை, மதுச் செலவை ஆயிரத்திற்கும் மொய்யை 700க்கும் இறக்கினால் மாதம் 2,800 மிச்சமாகும். மூணு வட்டிக் கடனைச் சங்கத்திலோ வங்கியிலோ நகை வைத்து அடைத்தால், வட்டி ஆண்டுக்கு 9 சதம் என்று வைத்தாலும் மாதத்திற்கு 375 ரூபாய்தான். அதில் 1,125 மிச்சம். ஆக 3,925 ரூபாய். இதில் ஆயிரத்தைத் தனியே சேமித்து, 2,925 ரூபாயை அசலுக்குக் கட்டி வந்தால் 17 மாதத்தில் 49,725 ரூபாய் அசல் அடைபடும். சேமிப்பும் 17,000 ஆகியிருக்கும். ஒரு மாதத் தறிக் கூலியைவிட இது அதிகம். பழைய வழியில் போனால் அதே 17 மாதத்தில் வட்டியாக மட்டும் 25,500 கட்டியிருப்பார்கள். அசல் ஐம்பதாயிரமும் அப்படியே நிற்கும்.

நகைக் கடனைத் திருப்பும் காலமும் புதுப்பிக்கும் விதியும் வாங்கும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேதியை நோட்டிலும் நாட்காட்டியிலும் குறித்து வைக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் ஆபத்து உண்டு.

மொய் செய்யாமல் ஊரில் இருக்க முடியாது என்பது உண்மை. வந்த மொய்க்கு ஈடாகத் திருப்பிச் செய்ய வேண்டியவர்களை மட்டும் பட்டியலிட்டு, மற்ற விசேஷங்களுக்கு நேரில் போய் வேலையில் ஒத்தாசை செய்தால் உறவு கெடாது.

அடுப்படிக்கு ஒரு சென்ட்

உணவுச் செலவைக் குறைக்கக் கூடாது. உணவைக் காசு கொடுத்து வாங்குவதைக் குறைக்கலாம். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் பாயும் இடத்தில் ஒரு சென்ட் நிலம் ஒதுக்கினால் போதும். சிறுகீரை, தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில் அறுவைக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வேலியோரம் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, வரப்பில் அவரைக்கொடி ஆகியவை செலவில்லாமல் வளரும். மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் கொள்ளு விதைத்தால் வீட்டுக்குப் பருப்பும் மாட்டுக்குப் பொட்டும் கிடைக்கும்.

கொங்கு நாட்டு வீடுகளில் ராகிக்களியும் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் அன்றாட உணவாக இருந்தவை. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் மிகச் சிறு பங்குதான். ரேஷன் அரிசியுடன் வாரம் மூன்று வேளை ராகியோ கம்போ சேர்த்தால் செலவு ஏறாமல் சத்து ஏறும். சர்க்கரை நோயாளிகள் களியையும் அளவோடுதான் உண்ண வேண்டும்.

பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல், பிள்ளைகளுக்கு அரை லிட்டராவது நிறுத்த வேண்டும். அதனால் குறையும் வரவு மாதம் 525 ரூபாய். இரண்டு நாட்டுக்கோழி இருந்தால் முட்டைச் செலவு பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்களைத்தான் பற்றாக்குறை முதலில் தாக்குகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதம் பேருக்கு இரத்தசோகை. முருங்கைக் கீரை, கொள்ளு ஆகியவற்றுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கும் மாத்திரையைக் காசில்லை என்று நிறுத்துவது, மதகைத் திறந்து வைத்துவிட்டு வாய்க்காலுக்குக் கரை கட்டுவது போன்றது. பக்கவாதம் ஒன்று வந்தால் இரண்டு ஏக்கரும் அதற்கே போய்விடும். இந்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே கொண்டு வந்தும் கொடுக்கிறார்கள்.

உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் பேக்கரி மிக்சரும் இந்தக் கணக்கில் சேரும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் பகலில் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் தூங்க வழி செய்துகொள்ள வேண்டும். தூக்கத்தை விரட்டக் குடிக்கும் டீயும் புகைக்கும் பீடியும் மாதக் கணக்கில் ஒரு மூட்டை அரிசி விலைக்கு வரும்.

கடன் கவலையில் தூக்கம் கெட்டு, உயிரை விடும் எண்ணம் ஒருவருக்குத் தோன்றினால் அவரைத் தனியே விடக்கூடாது. 104 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். கடனைப் பேசித் தீர்க்கலாம். பிரிந்த உயிர் திரும்பாது.

அடுத்த அடிக்கு முன்பு

சேமிப்பைக் கையில் வைத்தால் கரைந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். பிரதமர் கிசான் திட்டத்தில் தகுதியுள்ள விவசாயிகளுக்கு மூன்று தவணையாக வரும் ஆண்டுத் தொகை 6,000 ரூபாயை விதைப்புச் செலவுக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கு மூலம் கிடைக்கின்றன.

கிணறு வற்றிய ஆண்டில் நகையை வைத்து இன்னொரு போர் போடுவது பலர் செய்யும் காரியம். ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வந்த கதைகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். வேளாண்மைப் பொறியியல் துறையினரைக் கொண்டு நிலத்தடி நீர் ஆய்வு செய்யாமல் போர் வண்டியை அழைக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கு மானாவாரிச் சோளமும் கொள்ளும் போதும் என்று முடிவு செய்வதும் வரவுதான். பணமுடையில் விற்க வேண்டி வந்தால் கிடாக் குட்டிகளை விற்கலாம்; கறவையில் இருக்கும் மாட்டை விற்றால் அடுத்த மாத வரவையும் சேர்த்து விற்பதாகும்.

விட்டுப்போனால்?

எந்த ஒழுங்கும் இடையில் தவறும். திருவிழா வரும், காய்ச்சல் வரும், இரண்டு வாரம் நோட்டு திறக்கப்படாது. அப்போது விட்டுப்போன நாட்களை நினைவுபடுத்தி எழுதத் தேவையில்லை. அன்று கையில் உள்ள பணத்தை எண்ணி, ஒரு கோடு போட்டு, இருப்பு என்று எழுதி அங்கிருந்து தொடங்கினால் போதும். ஒரு தண்ணீர் தவறிய பயிருக்கு அடுத்த தண்ணீரை முறையாகக் கட்டினால் தேறும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வேர் அழுகும். மாத்திரையும் அப்படியே, நேற்று விட்டதற்காக இன்று இரண்டு விழுங்கக் கூடாது. மது, பீடியை விட்டவர் ஒரு நாள் தவறினாலும் மறுநாளே மீண்டும் நிறுத்தலாம். அடுத்த தைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

வாரச் சம்பளம் வரும் நாள் மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் இந்த வேலை முடிந்துவிடும். வந்த பணத்தை முதலில் சாப்பாடு, மருந்து, விதை என்று பிரிக்க வேண்டும், அடுத்து வட்டி மிகுந்த கடனுக்கு, பிறகு சேமிப்புக்கு, மற்றவை எல்லாம் அதற்குப் பின்பு. இந்த வரிசை மாறாமல் நின்றால், அடுத்த முறை தறி நிற்கும் மாதத்திலும் பிள்ளைகளின் தட்டில் முட்டை இருக்கும்.