ஒரு நாள் ஒதுக்குங்கள். நம் பட்டணத்தைக் காட்டுங்கள்!

"வீடு எங்கே?" என்று எவரேனும் கேட்டால், "பெரம்பூர்ப் பக்கம்" என்று மழுப்பும் பிள்ளைகளை நீங்கள் கண்டதுண்டா? வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் சிலர் தம் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசுகின்றனர். வடசென்னை என்றால் துறைமுகமும், புகையும், லாரி நெரிசலும்தாம் என்று பிறர் சொல்லக் கேட்டு அவர்களும் நம்பிவிட்டனர். குற்றம் அவர்களுடையதன்று. நாகூருக்கும் அஜ்மீருக்கும் அழைத்துச் சென்ற நாம், அருகிலிருப்பதைக் காட்டியதில்லை.

ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். வழிகாட்டியை வெளியே தேட வேண்டாம், நீங்களே வழிகாட்டியாகுங்கள்.

வெயிலை முந்துங்கள்

2003 மே 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. ஆகவே கோடையைத் தவிர்த்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள நாளொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபஜ்ர் தொழுததும் புறப்படுங்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, குடை, முதியோருக்குரிய மருந்து ஆகியவற்றை மறவாதீர்கள். எவரேனும் தலைசுற்றுகிறது என்றால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். பார்க்க வேண்டியவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

முதல் ரயில் புறப்பட்ட இடம்

முதலில் இராயபுரம் ரயில் நிலையத்திற்குச் செல்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் இங்கிருந்துதான் சேவையைத் தொடங்கியது. அப்போது சென்ட்ரல் நிலையமே இல்லை. அது 1873-இல்தான் வந்தது. தூண்கள் தாங்கிய அந்தப் பழங்கட்டடம் இன்றும் நிற்கிறது. 2005-இல் அது புதுப்பிக்கப்பட்டது.

அந்த ரயில் எதுவரை சென்றது தெரியுமா? சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாலாஜா ரோடு வரை! ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் அது. இப்பெயரைப் பிள்ளைகள் மனத்தில் இருத்தச் செய்யுங்கள். நாள் முழுவதும் அது நம்முடன் வரும்.

நவாபின் மாளிகை

அடுத்து சேப்பாக்கம். 1768-இல் நவாப் வாலாஜா அமைத்த மாளிகை கடற்கரைச் சாலையருகே உள்ளது. 1855-இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபின், ஆங்கிலேயர் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். மாளிகையும் அரசின் கைக்குப் போயிற்று. அதன் ஒரு பகுதியான கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது. அரசு அலுவலகங்கள் இயங்கும் இடமாதலால் வெளியிலிருந்து காண்பதே முறை. ஆட்சியும் செல்வமும் நிலையல்ல என்பதை உணர்த்த இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

கல்லில் ஒரு கணக்கு

லுஹருக்கு முன் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலை அடைந்துவிடுங்கள். பெண்கள் தொழும் வசதியை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். நவாபின் குடும்பத்தார் 1795-இல் கருங்கல்லால் எழுப்பிய இறையில்லம் இது. வெளியே அனல் பறக்கும் வேளையிலும் உள்ளே காலடியில் குளிர்ச்சியை உணர்வீர்கள்.

நம் பெரியவர்கள் கடிதத் தலைப்பில் 786 என எழுதியதை அறிவீர்கள். அலிஃபுக்கு 1, பேவுக்கு 2, யேவுக்கு 10 என எழுத்துகளுக்கு எண்மதிப்பிட்டுக் கூட்டும் முறை அது. அதே முறையில், இறைநினைவைப் போற்றும் சிறு அரபுத் தொடர் ஒன்று இப்பள்ளியில் பொறிக்கப்பட்டுள்ளது. கூட்டினால் பள்ளி எழுந்த ஹிஜ்ரி 1209 கிடைக்கும். அதை யாத்தளித்தவர் யார் தெரியுமா? பாரசீகத்தில் புலமை மிக்க ராஜா மக்கன் லால் என்ற இந்துப் பெருமகனார்! இன்றும் ரமளானில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் இந்துத் தொண்டர்கள் இங்கே நோன்பாளிகளுக்கு இஃப்தார் பரிமாறி வருகின்றனர். சந்தேகங்கள் விதைக்கப்படும் காலத்தில் இக்கல்லைப் பிள்ளைகள் காண்பது அவசியமல்லவா?

இவ்வளாகத்தில்தான் 1972-இல் மறைந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் துயில்கிறார். அவருக்காக துஆச் செய்துவிட்டு வாருங்கள்.

பெயருக்கு உரியவர்

உணவுக்குப்பின் சற்றே இளைப்பாறி, அருகிலுள்ள மற்றோர் இல்லத்திற்குச் செல்லுங்கள். 1921-இல் மகாகவி பாரதியார் இறுதி மூச்சை விட்ட வீடு, நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. எம்.கே.பி. என்ற மூன்றெழுத்து அவர் பெயரின் சுருக்கமே என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவர்? அஸருக்குப்பின் மெரினாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டே, கண்டதையெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.

மறுமுறை எவரேனும் "வீடு எங்கே?" என்று கேட்கும்போது உங்கள் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். "எம்.கே.பி. நகர்" என்று தலைநிமிர்ந்து சொன்னால், இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு நாள் வீண்போகவில்லை.

வல்ல நாயன் நம் பயணங்களை நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.