மலையைக் குடைந்த பாதைக்குச் சுங்கம்: மக்ஸா, கூலியா?

அரியூரிலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் நம்மவர்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. ஹதீஸ்களில் கடுமையாகக் கண்டிக்கப்பட்ட ‘மக்ஸ்’ என்னும் அநியாய வரியும் இதுவும் ஒன்றுதானா? இதற்கு விடை காண மலைச் சுரங்கப்பாதையே நல்ல எடுத்துக்காட்டு. கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

செனானி – நஷ்ரி

ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் 2017 ஏப்ரல் 2 அன்று திறக்கப்பட்டது செனானி – நஷ்ரி சுரங்கப்பாதை. இதன் நீளம் 9 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். இதற்கு முன் பட்னிடாப் மலையைச் சுற்றி 41 கிலோமீட்டர் போக வேண்டும். பனி கொட்டினாலோ மண் சரிந்தாலோ லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். காஷ்மீர் விவசாயியின் ஆப்பிள் வழியிலேயே அழுகும். இப்போது அந்தத் தூரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் குறைந்துவிட்டது.

சுரங்கத்தைக் குடைந்ததோடு செலவு முடிந்துவிடுவதில்லை. வண்டிப் புகையை வெளியேற்றும் விசிறிகள், விளக்குகள், கேமராக்கள் எல்லாம் இரவும் பகலும் இயங்க வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிக்க, பக்கத்திலேயே இணையாக இன்னொரு சுரங்கமும் உண்டு. இரண்டையும் 29 குறுக்கு வழிகள் இணைக்கின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

எந்தப் பயனும் தராமல், வழியை மறித்து வணிகரிடம் பிடுங்குவதே மக்ஸ். ஒரு வசதியைப் பயன்படுத்தி அதற்குரிய தொகையைக் கொடுப்பது ‘உஜ்ரத்’, அதாவது கூலி. பைத்துல்மாலில் போதிய நிதி இல்லாதபோது, பொதுத்தேவைக்காக ஆட்சியாளர் மக்களிடம் வசூலிக்கலாம் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாதிபி (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். ஆனால் தேவை உண்மையானதாக இருக்க வேண்டும். சுமை நியாயமாகப் பகிரப்பட வேண்டும். பணம் அந்தத் தேவைக்கே செலவாக வேண்டும். இவை அதன் நிபந்தனைகள்.

செனானியில் இன்னொன்றும் உண்டு. பழைய பட்னிடாப் சாலை இன்றும் இருக்கிறது. கட்டணம் கொடுக்க விரும்பாதவர் அவ்வழியே போகலாம். விரும்பிக் கொடுப்பதால் அது கூலி என்பது தெளிவாகிறது.

மாற்றுவழி இல்லாத இடத்தில்?

ஸ்ரீநகரிலிருந்து கார்கில் செல்லும் சாலை, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே, 11,500 அடிக்கும் மேலான ஸோஜிலா கணவாயைக் கடக்கிறது. பனிக்காலத்தில் அது வாரக்கணக்கில் அடைபடும். அந்நாட்களில் கார்கில் மக்களுக்கு ஸ்ரீநகர் மருத்துவமனை எட்டாத தொலைவாகிவிடும். இதைத் தீர்க்க, 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்கான பணி 2020 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன்னால் உள்ள சோனமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டது.

பனிக்காலத்தில் இங்கே பழைய சாலை என்ற மாற்று கிடையாது. சுங்கம் வைத்தால், கொடுத்தே ஆக வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் ஆம்புலன்ஸுக்கும் ஜனாஸா வண்டிக்கும் விலக்கு அளிக்கின்றன. ஆனால் பிரசவ வலியில் வாடகைக் காரில் வரும் பெண்ணுக்கு அந்த விலக்கு இல்லை. எனவே இத்தகைய பாதைகளில் உள்ளூர் ஏழைகளுக்குச் சுமை இல்லாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றே நாம் கருதுகிறோம். தொலைதூர இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என அல்லாஹ் தம்மிடம் கேட்பானோ என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது.

உயிரின் விலை

பாதைக்கான விலையைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது. 2024 அக்டோபர் 20 அன்று, சோனமார்க் சுரங்கப்பாதைப் பணியாளர்கள் தங்கியிருந்த ககன்கிர் முகாமில் பயங்கரவாதிகள் சுட்டதில் ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் காஷ்மீர் மருத்துவர். மற்றவர்களில் பிழைப்புக்காகப் பீகாரிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். அப்பாவி ஒருவரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்குச் சமம் என்பது நம் மார்க்கம்.

ஆகவே, சுங்கத்தைக் கண்ட இடமெல்லாம் ஹராம் என்று சொல்ல வேண்டாம். வாங்கும் காசுக்குரிய சேவை கிடைக்கிறதா, ஏழை நசுக்கப்படுகிறானா என்று பார்ப்போம். குறை இருந்தால் சட்டப்படி கேட்போம். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.