சேவல் கத்தினால் குஞ்சு எங்கே ஓடும்?

தம்பி தங்கைகளே, மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைக்காடு. இந்தப் பக்கம் செம்பனைத் தோட்டங்களும் பழைய ரப்பர் மரங்களும். இப்படிப்பட்ட ஊரில் குஞ்சுகளைக் கொல்லையில் மேயவிட்டால் பருந்து வராமல் இருக்குமா?

வட்டமிடும் பறவை எல்லாம் திருடன் அல்ல. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகப் பறக்கிறதே, அந்தச் செம்பருந்து மீனையும் செத்துக் கிடப்பதையும்தான் அதிகம் தேடும். தனியே நிற்கும் சின்னக் குஞ்சு கிடைத்தால் விடாது, அவ்வளவுதான். குடுமிப் பருந்துதான் கோழிக்குப் பெரிய ஆபத்து. இலை மறைவில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்து, ஒரே பாய்ச்சலில் இறங்கும்.

கோழியும் ஏமாளி இல்லை. அதன் மூதாதையான காட்டுக்கோழி இன்றும் மலேசியக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மேய்கிறது. அந்தக் காட்டுப் புத்தி வீட்டுக் கோழிக்கும் உண்டு. மேலே ஏதோ அசைந்தால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். பருந்து என்று தெரிந்தால் சேவல் மெல்லிய, நீண்ட குரலில் கத்தும். நாய் வந்தாலோ 'கொக் கொக் கொக்' என்று விட்டுவிட்டு வேறு மாதிரி கத்தும்.

இரண்டு குரலுக்கும் இரண்டு பொருளா? கிறிஸ்டபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்தக் குரல்களைப் பதிவுசெய்து பெட்டைக்கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பருந்தும் இல்லை, நாயும் இல்லை, வெறும் ஒலி மட்டும்தான். பருந்துக் குரல் கேட்டதும் கோழிகள் மறைவிடத்துக்கு ஓடின, பதுங்கின, மேலே பார்த்தன. மற்றக் குரலுக்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன. இந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு!

சரி, சேவல் கத்திவிட்டது. வெட்டவெளி முற்றத்தில் குஞ்சு எங்கே போய் ஒளியும்? நாம் செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. வாழை, மரவள்ளி, செராய் (எலுமிச்சைப்புல்) என்று தாழ்ந்த நிழல் தரும் செடிகளை மேயும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செடி வளரும்வரை கால் வைத்த பழைய பலகை போதும். இறகு முளைத்துக் கொஞ்சம் பெரிதாகும்வரை குஞ்சுகள் தாயோடு கூண்டிலேயே இருக்கட்டும். கூண்டின் மேல்பக்கத்தையும் கம்பிவலையால் மூடுங்கள். நூல்வலையைத் தொளதொளவென்று போட்டால் பறவைகளின் கால் சிக்கிவிடும், இழுத்துக் கட்டுங்கள்.

கல்லோ உண்டிவில்லோ வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்துகளைக் காக்கிறது.

நாளைக்கு உங்கள் கோழி வானத்தைப் பார்க்கும்போது இடக்கண்ணால் பார்க்கிறதா, வலக்கண்ணால் பார்க்கிறதா என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள்.