கையில் வராத பொருளுக்குக் காசு கொடுக்கலாமா?

பெருநாள் நெருங்கும்போது வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்குப் பிள்ளைகள் சொல்லியனுப்பும் பட்டியலில் முன்பெல்லாம் உடுப்பும் சப்பாத்தும்தான் இருக்கும். இன்று கையடக்க விளையாட்டுக் கருவி முதலிடத்துக்கு வந்துவிட்டது. தொழுகையைப் பாழாக்காத, ஆபாசமும் சூதும் கலவாத விளையாட்டென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும், அட்டையோ வட்டோ போட இடமில்லாத, சகலதையும் இணையத்திலிருந்தே இறக்கவேண்டிய கருவிக்குக் காசு கொடுக்கலாமா?

இக்கேள்வி புதியதல்ல. சோனி நிறுவனம் 2009 ஒக்டோபரில் 'பிஎஸ்பி கோ' என்ற கருவியை வெளியிட்டது. அதற்கு முந்திய பிஎஸ்பி சிறு வட்டுக்களில் இயங்கியது. பிள்ளைகள் அவற்றை மாற்றிக்கொள்வார்கள், ஆடி முடித்ததை விற்பார்கள். புதிய கருவியில் வட்டுக்கு இடமே இல்லை. வீட்டிலிருந்த பழைய வட்டுக்களும் அதற்கு உதவவில்லை. ஆனால் விலையோ அதிகம்: அமெரிக்காவில் பழையது 170 டொலர், இது 250 டொலர். மக்கள் விரும்பவில்லை. 2011இல் தயாரிப்பே நின்றது. பத்து வருடம் கழித்து, 2021 ஜூலையில், பிஎஸ்பியில் எஞ்சியிருந்த இணையக் கொள்வனவு வசதியும் மூடப்பட்டது. ஆகவே யாராவது பழைய 'கோ' ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

மார்க்கச் சட்டத்தில் கிரயம் என்றால் பொருளின் உடைமை வாங்கியவருக்கு மாறவேண்டும். அதன்பின் அவர் அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அன்பளிக்கலாம். மௌத்தானால் வாரிசுகளுக்குச் சேரும். தரவிறக்கிய விளையாட்டில் இவற்றில் எது முடியும்? நாநா வாங்கியதைத் தம்பிக்குத் தனியே பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. பெறுவது பாவிக்கும் அனுமதி மாத்திரமே. இதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது அமுலில் இருக்கிறது.

அனுமதிக்குக் காசு கொடுப்பது ஹராம் என்று நான் சொல்லவரவில்லை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பதிப்புரிமை போன்றவற்றைப் பெறுமதியுள்ள உரிமைகளாக ஏற்றிருக்கிறது. (கடையில் கொடுத்துத் திருட்டுப் பிரதி நிரப்புவோரும் இதைக் கவனிக்கவேண்டும்!) ஆனால் அனுமதியைப் பொருளின் விலைக்கு வாங்குகிறோம் என்பது உம்மாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அலுவிகாரையில் வாழும் நமக்கு இது விளங்காததல்ல. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் சூழ்ந்த வலகம்பா மன்னன் காலத்தில், மனனத்திலிருந்த பௌத்த நூல்களைப் பிக்குகள் ஏட்டில் எழுதியது நம் வீதியோரக் குகைகளில்தான். 1848 கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகள் அழிந்தன. பிரதிகள் பலரிடம் இருந்ததால் நூல்கள் அழியவில்லை. விளையாட்டை வேதத்தோடு ஒப்பிடுவதாக எண்ணவேண்டாம். எல்லாம் ஒரே கம்பனியின் கையில் இருந்தால் என்னவாகும் என்பதற்காகவே சொல்கிறேன்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. சோனியின் இணையக் கடை இயங்கும் நாடுகளில் இலங்கை இல்லை. கணக்குத் திறக்க, பிள்ளை தான் வேறொரு நாட்டில் வசிப்பதாக எழுதுகிறான். பக்கத்தில் உம்மா இருக்கிறார். சில வேளை விலாசத்தைச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான்! வாப்பா கத்தாரில் இருந்து தன் பெயரில் திறந்தால் அந்தப் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்குக் கத்தாரின் பண அட்டைதான் செல்லும். சவூதியில் வாங்கியது செல்லாது.

வாங்கியே தீரவேண்டுமென்றால் அட்டை போடும் கருவியைப் பாருங்கள். நின்டென்டோவின் 'சுவிட்ச்' அவ்வகையானது. அதிலும் கவனம் தேவை. 2025 ஜூனில் வந்த 'சுவிட்ச் 2'க்கான சில பெட்டிகளில் இருப்பது வெறும் திறப்பு அட்டை. விளையாட்டை இணையத்திலிருந்துதான் இறக்கவேண்டும். அட்டையை விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்றாலும் டேட்டாச் செலவு உங்களுடையது. பெட்டியின் முன்புறத்தில் கீழே அது அச்சிடப்பட்டிருக்கும். காசை எண்ணிக் கொடுக்குமுன் அந்த வரியைக் கடைக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள்.