64 புள்ளிக்குள் ஓர் எழுத்து! தெரியுமா?

பேக்-மேன் விளையாட்டு தொடங்கும்போது திரை நடுவே ‘ரெடி!’ என்று மஞ்சளாக மின்னுமே, படிக்கட்டு படிக்கட்டாய் வெட்டிய அந்தத் தடித்த ஆங்கில எழுத்து, அது பேக்-மேனைவிட வயதில் மூத்தது, தெரியுமா? பேக்-மேன் பிறந்தது 1980-ல். அட்டாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் 1976-ல் விட்ட ‘குவிஸ் ஷோ’ என்ற கேள்வி-பதில் விளையாட்டிலேயே இந்த எழுத்து வந்தாயிற்று! பேக்-மேனை உருவாக்கிய ஜப்பானின் நாம்கோ, அட்டாரியின் ஜப்பான் கிளையை 1974-லேயே விலைக்கு வாங்கியிருந்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? குறுக்கே 8, நெடுக்கே 8, மொத்தமே 64 புள்ளி! எரிகிற புள்ளி 1, எரியாதது 0. ஆக, ஒரு வரிக்கு ஒரு பைட், ஓர் எழுத்துக்கு வெறும் 8 பைட். 56, 108, 198, 198, 254, 198, 198, 0. இந்த எட்டு எண்ணுக்குள் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து முழுசாக உட்கார்ந்திருக்கிறது! நிற்கும் கோடு இரண்டு புள்ளி தடிமன், படுத்த கோடு ஒரே புள்ளி. அந்தக் குண்டு அழகு அங்கேதான் பிறக்கிறது. வலது ஓரமும் அடி வரியும் காலி. பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதுவே இடைவெளி. எத்தனை சிக்கனம்!

பேக்-மேனில் 255 சுற்று தாண்டி 256-ல் கால் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? திரையின் வலப் பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கொட்டிக்கிடக்கும். சுற்றை எண்ண ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட், அதாவது ஓர் எழுத்தின் ஒரு வரிக்கு ஆகும் இடம். 255-க்கு மேல் அதில் எண்ண முடியாது!

புள்ளி எழுத்து விளையாட்டோடு நிற்கவில்லை. 1984-ல் வந்த மெக்கின்டோஷ் கணினிக்குச் சூசன் கேர் புள்ளி புள்ளியாக அமைத்த எழுத்துருதான் ‘சிகாகோ’. அந்தக் கணினியின் எழுத்துருக்களுக்கு முதலில் ஃபிலடெல்ஃபியா பக்கத்து ரயில் நிலையப் பெயர்களைத்தான் வைத்தார்கள். உலகப் பெருநகரங்களின் பெயர் வேண்டும் என்றவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அதே சிகாகோ 2001-ல் ஐபாடின் குட்டித் திரையில் மறுபடி வந்து நின்றது!

பேக்-மேனில் வந்த அந்த எழுத்தும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ என்ற பெயரில் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. 8, 16, 24 என்று எட்டின் மடங்கில் அளவு வையுங்கள், புள்ளி பிசகாது.

வீட்டில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கிறதா? இப்போதே எடுங்கள். முதல் வரியில் 3, 4, 5-ஆம் கட்டங்களை நிரப்புங்கள். இரண்டாவதில் 2, 3, 5, 6. மூன்றிலும் நான்கிலும் 1, 2, 6, 7. ஐந்தாவதில் 1 முதல் 7 வரை. ஆறும் ஏழும் மூன்றாவது போலவே. எட்டாவதை விட்டுவிடுங்கள். 30 கட்டம் நிரம்பியதும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்!