பிடிஎஃப் ஆனால் மட்டும் போதுமா?

ஆடித்தபசு நோட்டீஸ், மண்டகப்படிதாரர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர், விசைத்தறித் தொழிலாளர்களின் கூலி உயர்வுத் துண்டறிக்கை. சங்கரன்கோவில் போன்ற ஒரு ஊரில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அச்சேறியவை பெரும்பாலும் டிடிபி கடைக் கம்ப்யூட்டரில் தட்டச்சாகி, உள்ளூர் ஆஃப்செட்டிலோ சிவகாசியிலோ அச்சானவைதான். திருவிழா முடிந்ததும் காகிதம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். மிஞ்சுவது கடைக்காரரின் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றே. ஊரின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. யார் எந்த நாள் மண்டகப்படி செய்தார்கள், எந்த ஆண்டு எந்தத் தெருவில் எந்தச் சங்கம் தொடங்கியது, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்த பிறகு முகவரியில் ‘திருநெல்வேலி’ எப்போது உதிர்ந்தது என்பதெல்லாம் வேறெங்கும் எழுதி வைக்கப்படாதவை. இந்த ஃபைல்களை இயந்திரங்கள் சாகும் முன் பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மவுஸால் அல்ல, கட்டளை எழுதி மொத்தமாக. அப்படி ஆக்கும்போது பக்கத்தின் தோற்றம் மட்டும் வந்தால் பாதி வேலைதான் முடிந்தது; எழுத்து எழுத்தாகவே வர வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். பிந்தைய பாதியைத்தான் நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

அவசரம் ஏன் என்பதற்கு பேஜ்மேக்கரின் கதையே சாட்சி. பக்கம் அமைக்கும் இந்த மென்பொருளை ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு. அதன் வாரிசான இன்டிசைன் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்துகொண்டிருந்தது; 2012-ல் வந்த சிஎஸ்6-க்குப் பிறகு அந்த வசதியும் போயிற்று. 2023 ஜனவரியில் டைப் 1 வகை ஃபாண்ட்களுக்கான ஆதரவையும் அடோபி தன் மென்பொருள்களிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, நம் ஊர்க் கடைகளில் மூலையில் ஓடும் ஏதோ ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியை நம்பித்தான் இந்த ஆவணங்கள் உயிரோடிருக்கின்றன. ‘புது சிஸ்டம் வாங்கிவிட்டோம், பழையதை எடைக்குப் போட்டுவிட்டோம்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதோடு முடிந்தது.

கட்டளையால் மாற்றுவது என்றால் என்ன? பேஜ்மேக்கர் பிடிஎஃப்பைத் தானாகச் செய்வதில்லை. பக்கத்தை முதலில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழியில் எழுதும். அதை வாங்கி பிடிஎஃப் ஆக்குவது அடோபியின் டிஸ்டில்லர். அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் கோஸ்ட்ஸ்கிரிப்ட். 1988 முதல் இருக்கிறது. அதற்கு மெனு இல்லை, பட்டன் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால் போதும்: உள்ளே போகும் ஃபைலின் பெயர், வெளியே வர வேண்டிய பெயர், எல்லா ஃபாண்டையும் உள்ளே பதித்துவிடு என்ற ஆணை. பேஜ்மேக்கரே இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆஃபிஸ் உண்டு. 2015-ல் வந்த அதன் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைப் படிக்கத் தெரியும். திரையே திறக்காமல், ‘ஹெட்லெஸ்’ என்ற சொல்லைச் சேர்த்து, ஒரு ஃபோல்டர் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கச் சொல்லலாம். அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரி உடையும், பெட்டிகள் நகரும், பழைய ஃபாண்ட் அந்த இயந்திரத்தில் இல்லாவிட்டால் பக்கமே ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எனவே பழைய பெட்டி ஓடும்வரை போஸ்ட்ஸ்கிரிப்ட் வழியே சிறந்தது. அது நின்றுபோனால்தான் லிப்ரே ஆஃபிஸ். எதுவானாலும் முதல் கட்டளையைச் சரியாக அமைக்கத்தான் நேரம் பிடிக்கும். பாவு ஏற்றிய பிறகு தறியில் சேலைமேல் சேலையாக இறங்குவது போல, ஐந்நூறு ஃபைல் என்றாலும் அதே வரி ஓடும். ஒவ்வொன்றிலும் அமைப்பு ஒன்றாகவே இருக்கும் என்பது அதைவிட முக்கியம். மவுஸால் செய்பவர் நாற்பதாவது ஃபைலில் அயர்ந்துபோய் ‘ஸ்கிரீன்’ தரத்தில் சேமித்துவிட்டால், கோவில் கோபுரப் படம் அங்குலத்துக்கு 72 புள்ளியாகச் சுருங்கிப்போகும். பிறகு அதை மீட்க வழியில்லை. கட்டளை அயர்வதில்லை. அதோடு, என்ன செய்தோம் என்பதற்கு அந்த வரியே எழுத்துப்பூர்வமான சான்றாக நிற்கிறது.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் பல ஆண்டுகளாக வெளிநாட்டு அறிவியல் ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே கணிதச் சமன்பாடு நிறைந்த கட்டுரைகளுக்குக் கைகொடுப்பது டெக் என்னும் மென்பொருள். டொனால்டு க்னூத் 1978-ல் உருவாக்கியது. மூல ஃபைலை எழுதிவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால் பக்கம் தானே அமைந்து வெளிவரும். அதிலிருந்து நேரடியாக பிடிஎஃப் எடுக்கும் வழியைச் செக் நாட்டில் படித்த வியட்நாமியரான ஹான் தே தான் என்பவர் உருவாக்கினார். 2002 செப்டம்பரில் டெக் பயனர்களின் உலக மாநாடே நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் நடந்தது. ஐரோப்பியப் பேராசிரியரின் கட்டுரையைக் கட்டளையால் பிடிஎஃப் ஆக்கும் பிள்ளைகளில் தென் மாவட்டத்துப் பட்டதாரிகளும் உண்டு. அவர்கள் சொந்த ஊரின் திருவிழா நோட்டீஸ் மட்டும் இன்னும் மவுஸையும் பழைய பெட்டியையும் நம்பியிருக்கிறது.

இனி அந்த மறு பாதி. பிடிஎஃப் என்பது பெரும்பாலும் எழுத்தின் வடிவங்களை இந்த இடத்தில் இதை வை, அந்த இடத்தில் அதை வை என்று சொல்லும் குறிப்பு. ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல அதற்குள் தனியாக ஓர் அட்டவணை வேண்டும். ‘டுயூனிகோட்’ என்பது அதன் பெயர். அது இருந்தால்தான் தேடலாம், நகலெடுக்கலாம், பார்வையற்றவருக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். நம் டிடிபி ஃபைல்களில் சிக்கல் இதற்கும் முந்தியது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடே பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ஆகவே பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு ஃபாண்ட். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு. பாமினியில் ‘கோவில்’ என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது என்ன தெரியுமா? பெரிய என், சின்ன எஃப், ஹெச், டி, பி, ஒய், பிறகு ஒரு அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குப் பொருளற்ற ஆங்கிலக் கோவை. அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் பக்கம் பளிச்சென்று இருக்கும். ‘கோவில்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதைச் சோதிக்கவும் சின்னக் கட்டளைகள் இருக்கின்றன. ‘பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்’ என்றால் ஃபைலில் உள்ள ஃபாண்ட்களின் பட்டியல் வரும். ‘எம்ப்’ என்ற பத்தியில் ‘நோ’ என்றிருந்தால் ஃபாண்ட் உள்ளே பதியவில்லை, ‘யூனி’ பத்தியில் ‘நோ’ என்றால் அந்த அட்டவணை இல்லை. ‘பிடிஎஃப்டுடெக்ஸ்ட்’ என்றால் உள்ளிருக்கும் எழுத்தை உருவி எடுத்துக் காட்டும். அரை நிமிடத்தில் ஃபைலின் லட்சணம் தெரிந்துவிடும்.

மருந்தும் உண்டு. உருவி எடுத்த அந்த ஆங்கிலக் கோவையை யூனிகோட் தமிழாக மாற்ற ஓப்பன்-தமிழ் போன்ற இலவச நிரல்தொகுப்புகள் இருக்கின்றன. பாமினி முதல் டாப், டாம், டிஸ்கி வரை பல குறியீடுகள் அவற்றுக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது என்பதுதான் இதிலுள்ள நுணுக்கம். பழைய ஃபாண்டில் ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு கால் என்று மூன்று தட்டில் ‘கொ’ எழுதுவோம். யூனிகோடிலோ க முதலில் வரும். ஆக வரிசையையே புரட்ட வேண்டும். இன்னொன்று: ரகரத்தின் மேல் புள்ளியோ சுழியோ வரும்போது பாமினியில் பலரும் காலைத்தான் அடிப்பார்கள், பார்க்க அழகாக அமையும் என்பதற்காக. மாற்றும் நிரலுக்கு இந்த வழக்கம் தெரியாவிட்டால் ‘ர்’ எல்லாம் காலில் புள்ளி வைத்த விநோதமாக வந்து நிற்கும். எனவே நிரல் மாற்றியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் மேலோட்டமாகவாவது பார்க்க வேண்டும். அச்சுக்கூடங்களில் மெய்ப்பு பார்த்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்தை எழுத்தாகக் காப்பதால் என்ன லாபம் என்பதற்கு மதுரைத் திட்டத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியக் களஞ்சியம் அது. தொடக்க காலத்தில் யூனிகோட் தமிழ் பரவலாகவில்லை; டிஸ்கி குறியீட்டில் வெளியிட்டார்கள். யூனிகோட் நிலைபெற்றபோது அத்தனையும் யூனிகோடுக்கு மாறிற்று, பிடிஎஃப்பாகவும் கிடைக்கிறது. அவர்கள் வடிவத்தைப் படமாக்கி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. தமிழக அரசும் 1999-ல் டாம், டாப் என்று அறிவித்து, 2010-ல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. குறியீடு இப்படி மாறிக்கொண்டே வரும். உரை கையில் இருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

மறுப்புகள் வரும். முதல் மறுப்பு அச்சுக்கூடத்திலிருந்து. ‘ஃபாண்ட் தகராறு வேண்டாம், கர்வ்ஸ் ஆக்கி அனுப்புங்கள்’ என்பார்கள். எழுத்தை எல்லாம் கோட்டுருவமாக்கினால் பிளேட் போடும்போது எதுவும் மாறாது. நியாயமான பேச்சுதான். ஆனால் அது அச்சுக்கான பிரதி. கர்வ்ஸ் ஆனபின் அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. அச்சுக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று என்று இரண்டு எடுப்பதில் கட்டளைக்கு என்ன கஷ்டம்? இன்னொரு வரி, அவ்வளவுதான். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: கூகுள் இப்போது தமிழ்ப் படத்தைப் பார்த்தே எழுத்தைப் படித்துவிடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பாடு? காகிதம் மட்டுமே மிஞ்சிய பழைய புத்தகங்களுக்கு அது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் படத்திலிருந்து படிப்பது ஊகம். நாவலில் ஓர் எழுத்து பிசகினால் வாசகர் சமாளித்துக்கொள்வார். மண்டகப்படிப் பட்டியலில் இனிஷியலும் ரூபாயும் பிசகினால் பட்டியலுக்கே அர்த்தமில்லை. நம் பத்திரிகைகளில் வரும் வளைவு நெளிவான அலங்கார ஃபாண்ட்களில் ஊகம் மேலும் தடுமாறும். மூலமே கையில் இருக்கும்போது அதைப் படமாக்கி, பிறகு படத்தைப் பார்த்து மூலத்தை ஊகிப்பது வீண் சுற்று.

கறுப்புத் திரையைக் கண்டாலே பயம் என்பது மூன்றாவது மறுப்பு. பத்து விரலும் பார்க்காமல் பாமினி அடிக்கும் ஒருவருக்கு ஒரு வரிக் கட்டளை கடினம் என்று நான் நம்பவில்லை. பாமினியை மனப்பாடம் செய்வது அதைவிடக் கடினம். இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களை நாடலாமே என்றால், அங்கே ஃபைல் ஊர்பேர் தெரியாதவர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. டிடிபி கடை ஹார்டு டிஸ்க்கில் நோட்டீஸ் மட்டுமா இருக்கிறது? கிரயப் பத்திர வரைவு, ஆதார் நகல், மனு எல்லாம் உண்டு. கட்டளை நம் கடைக்குள்ளேயே, நெட் இல்லாமலேயே ஓடும். தனியார் காகிதங்களை முதலிலேயே பிரித்து ஒதுக்கிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதுவில் ஒட்டப்பட்டதும் விநியோகிக்கப்பட்டதும் மட்டுமே காப்பகத்துக்கு.

யார் செய்வது, யார் பணம் கொடுப்பது? பழையதற்கு ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் ஓர் ஊரின் கடைகளை முடிக்கலாம். ஒரு துறை கட்டளையை எழுதட்டும், மற்றது மெய்ப்பு பார்க்கட்டும். புதியதற்குச் செலவே இல்லை. கோவில் நிர்வாகமும் நகராட்சியும் சங்கங்களும் அச்சுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, அச்சடித்த கட்டுகளோடு ஃபாண்ட் பதித்த பிடிஎஃப் ஒன்றும் யூனிகோட் உரை ஒன்றும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வாங்கியவற்றை ஆண்டு வாரியாக ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிரதியும் அலுவலகத்தில் ஒரு பிரதியுமாக வைக்கலாம். அந்த வரியை அடுத்த ஆடித்தபசு நோட்டீஸ் ஆர்டரிலிருந்தே சேர்க்கத் தொடங்கலாம்.